கத்தரிக்காய்ப் படம் போட்ட சோடா

அந்தப் போத்தலில் ஒட்டியிருந்த படம் கத்தரிக்காய் என்று அவர் சொல்லும்வரை அதைத் தவளை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊதா நிறத்தில் கொழுத்த உடம்பு, தலையில் பச்சைத் தொப்பி, இரண்டு கண்ணிலிருந்தும் சொட்டுச் சொட்டாக நீலக் கண்ணீர். ஒரு கத்தரிக்காய் எதற்காக அழ வேண்டும், அழுதாலும் அதன் படத்தை ஏன் சோடாப் போத்தலில் ஒட்ட வேண்டும், அந்தச் சோடாவை உன்னிச்சையில் முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து நான் ஏன் குடிக்க வேண்டும்? இன்றுவரை ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியாது. குடித்தேன் என்பது மட்டும் நிச்சயம். அன்று காலையில் என் மகள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அங்கே எதையும் குடிக்காதீர்கள் என்று கேட்டாள்.

நான் கல்லடியில் பள்ளிச் சீருடை தைக்கிறவள். மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அவளுடைய அப்பா நோயில் போய்விட்டார். அதற்குப் பிறகு அவளுக்காக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள் நான்தான். எந்தப் பாடம் எடுப்பது, எந்த வகுப்புக்குப் போவது, எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது, எதற்கும் அவளை யாரும் கேட்டதில்லை, என்னைத்தான் கேட்டார்கள். இப்போது அவளுக்கு இருபத்தேழு. ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. வாய் திறந்து பேசுவது குறைவு. பேசினால் நேரே நடுவில் குத்துவாள். அது யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை கேட்டுப் போவது பெண் வீட்டார்தான். கல்யாணம் முடிந்தால் அவர் வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். கேட்டுப் போகிற அன்று பெண் வீட்டார் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்கள். தட்டில் என்ன வைத்தாலும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அப்படியே விட்டுவிட வேண்டும். இரண்டு பக்கமும் மனம் ஒத்துவந்து, சரி என்று சொன்ன பிறகுதான் குடிப்பது. அதனால் குடித்துவிட்டால் சரி என்று சொன்னதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். எழுத்து இல்லை, சாட்சி இல்லை, ஒரு மிடறு போதும்.

அன்று காலை நான் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டு நின்றபோது மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா, நான் அவரோட ஒருக்கா கதைக்கணும். கதைச்சிப் பாத்துத்தான் ஓமோ இல்லையோ எண்டு சொல்லுவன். அதுமட்டும் நீங்க அங்க ஒண்டும் குடிச்சிப்போடாதீங்க."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னப்பிள்ளையா?"

"தண்ணியும் குடிக்கப்படாது."

"ஓம், ஓம். குடிக்கல்ல."

என்னோடு வந்தது என் அண்ணன். இந்த விஷயங்களில் அவர் சட்டப் புத்தகம். தாகமெடுத்து மனம் தளர்ந்துவிடக் கூடாது என்று வீட்டிலிருந்தே ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்தார். வவுணதீவு தாண்டுவதற்குள் ஓட்டோவில் அதை முடித்தும்விட்டார். மிச்ச வழியெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டு வந்தார்.

மாப்பிள்ளை வீடு குளத்துக்குக் கிட்ட, வயலைப் பார்த்த வீடு. அவருடைய அம்மா என்னைவிட மூத்தவர், நல்ல மனுசி. கொழுக்கட்டை, வாழைப்பழம், சட்டியோடு தயிர் எல்லாம் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் தொட்டுக் கும்பிட்டோம். அவர் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தவும் கூடாது. அண்ணன் தயிர்ச் சட்டியைப் பார்த்த பார்வையை மட்டும் நான் கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "வாங்க, வட்டையப் பாத்துக்கொண்டு வருவம்" என்று அண்ணனைத் தங்கள் வயல் நிலத்தைக் காட்டக் கூட்டிப் போய்விட்டார். அம்மா அடுப்படிக்குள் போனார். விறாந்தையில் நான் தனியே.

அப்போதுதான் அந்த மாப்பிள்ளைப் பிள்ளை வந்தது. முப்பத்தொரு வயது ஆளைப் பிள்ளை என்கிறேன், ஆனால் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்ற விதம் அப்படித்தான் இருந்தது. நாலு வருடம் கொரியாவில் வேலை செய்துவிட்டு, இனிப் போவதில்லை, வயலைப் பார்க்கிறேன் என்று வந்தவர்.

"மாமி, உங்களுக்கு ஒண்டு காட்டட்டா?"

காட்டட்டா என்றுதான் கேட்டார், குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. இதைப் பிறகு நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை.

"இது என்ன தம்பி, தவளையா?"

"இல்ல மாமி, கத்தரிக்கா. அழுற கத்தரிக்கா. அங்க கார்ட்டூன்ல வாறது. எல்லாருக்கும் நல்ல விருப்பம். பேனையில, குடையில, காலுக்குப் போடுற மேசுல, எதில பாத்தாலும் இவர்தான்."

"ஏன் அழுறார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியா மாமி. எனக்கு அந்த நாட்டுப் பாஷ, பெக்டரியில கதைக்கிற அளவுக்குத்தான் வரும். கார்ட்டூன் விளங்காது."

வீட்டாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தாராம். ஒருவரும் தொடவில்லையாம். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "மாட்டுக்குப் பருக்கிற மருந்து மாதிரி மணக்குது தங்கச்சி, நான் சொல்லிப்போட்டன், வீட்டுக்குள்ள திறக்கவேணாமெண்டு." ஆசையோடு ஒரு சாமானை அவ்வளவு தூரம் சுமந்து வந்து, வீட்டில் ஒருவரும் திரும்பிப் பார்க்காவிட்டால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது.

போத்தலுக்குள் இருந்தது அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளையாக இருந்தது. மூடியில் ஒரு சின்னக் குமிழ், அதற்குள் தூள். அதைத் திருகினால் தூள் உள்ளே விழும், நிறம் மாறும் என்று விளக்கினார். திருகியும் காட்டினார். வெள்ளைக்குள் ஊதா இறங்கிப் பரவியது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப பிடிச்சிப் பாருங்க மாமி. உள்ளுக்க வெடிக்கிறது கையில தெரியும்."

வாங்கிப் பிடித்தேன். உள்ளங்கையில் குறுகுறுவென்று என்னவோ ஓடியது. அந்த நேரம் பார்த்து மூடி கழன்றது. ஊதா நுரை பொங்கிக்கொண்டு மேலே வந்தது. என் மடியில் இளமஞ்சள் பட்டுச் சேலை, இருக்கிற ஒரே நல்ல சேலை. முப்பது வருடமாகத் துணியோடு இருப்பவள், எந்தக் கறை போகும், எந்தக் கறை சுடுகாடு வரை வரும் என்று எனக்குத் தெரியும். கை யோசிக்கவில்லை. போத்தலைத் தூக்கி வாயில் வைத்துவிட்டேன்.

முதல் வாய் சேலைக்காக. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த ருசி. முதலில் இனித்தது. உடனே உப்பாக இருந்தது. பிறகு வெள்ளரிக்காய் நறுக்கும்போது வருகிற மணம் வந்தது. அது போவதற்குள் நாக்கின் மேல் படபடவென்று வெடித்தது, கடுகு தாளிப்பதுபோல. எங்கேயோ சாப்பிட்ட ருசி, ஆனால் எது என்று பிடிபடவில்லை. இதோ தெரிந்துவிடும், இன்னும் ஒரு வாய் குடித்தால் தெரிந்துவிடும் என்று தோன்றியது. குடித்தேன். அந்த வாயில் வேறு ஒன்று தெரிந்தது.

"எப்பிடி மாமி?"

"பொறுங்க தம்பி."

"கத்தரிக்கா மாதிரியா?"

"கத்தரிக்காயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பொறுங்க."

"நான் நாவல்பழமெண்டு நினைச்சன்."

"நாவலெண்டாத் துவர்க்கும். இது துவர்க்குதில்லையே." இன்னொரு வாய். "உப்புப் போட்ட இளநி?"

"இளநி எண்டும் சொல்லலாம்தான்," என்றார் அவர், நம்பிக்கையில்லாமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் பரீட்சைத் தாளில் மாட்டிக்கொண்டவர்கள்போல மாறி மாறி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். விளாம்பழம், மல்லித்தண்ணி, பல்லுத்தேய்க்கிற பசை. ஒன்றும் சரியாக வரவில்லை. நான் அப்படிச் சிரித்து எத்தனை காலம் என்று எனக்குத் தெரியாது. போத்தல் முடிந்தது. நிமிர்ந்தபோது அவருடைய அம்மா கதவு நிலையில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கண் வெறும் போத்தலில் இருந்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நானும் சிரித்தேன். அது என்ன சிரிப்பு என்று என் மரமண்டைக்கு அப்போது ஏறவில்லை.

அண்ணன் படலையைத் திறந்துகொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, உதடு வெடித்திருந்தது. என் முகத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றார். என் உதடும் பல்லும் நாக்கும் ஊதா என்பது எனக்குத் தெரியாது. அவர் என் மடியில் இருந்த போத்தலைப் பார்த்தார், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவருடைய தோள் தளர்ந்தது. என் தங்கச்சி யோசிக்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டாள் என்ற நம்பிக்கை அவருக்கு. நாற்பது வருட நம்பிக்கை.

"அப்ப எனக்கும் ஒரு செம்புத் தண்ணி தாங்க அக்கா," என்றார் அந்த அம்மாவிடம்.

நான் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கில் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தது. என்ன சொல்வது, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திகைத்து நின்ற அந்த நேரத்துக்குள் செம்பு வந்து, அண்ணன் அண்ணாந்து, கழுத்து ஏறி இறங்கி எல்லாம் முடிந்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் தண்ணீர் குடித்தால் பிறகு பேச்சே இல்லை. அவர் அதோடு நிற்கவும் இல்லை. தயிரும் வந்தது. ஐந்து கொழுக்கட்டை சாப்பிட்டார். அந்த அம்மா என் கன்னத்தைத் தடவி, "எனக்கு மனம் குளிர்ந்துபோச்சு தங்கச்சி" என்றார். அவருடைய கண் நிறைந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து, இல்லை, இது தவறு என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் கோழை.

திரும்பி வரும்போது வவுணதீவுப் பக்கமோ எங்கேயோ, அண்ணன் ஏப்பம் விட்டுவிட்டுக் கேட்டார்.

"பிள்ள எப்ப போன் எடுத்தவள்?"

"எந்தப் பிள்ள?"

"ஆர்? மகள்தான். விருப்பமெண்டு சொல்லத்தானே எடுத்திருப்பாள்."

"அவள் போன் எடுக்கல்ல அண்ணன்."

ஓட்டோக்காரர் பாட்டைக் குறைத்தார்.

"அப்ப நீ ஏன் குடிச்ச?"

"சேல பழுதாப் போயிடுமெண்டு."

"முழுப் போத்தலயும் முடிச்சிருக்காய். அதுவும் சேலைக்குத்தானா?"

"அதென்ன ருசியெண்டு விளங்கல்ல." சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. "நீங்க ஏன் தண்ணி கேட்டீங்க?"

"நீ குடிச்சிருந்தாய்தானே."

வீட்டு வாசலில் நான் மட்டும் இறங்கினேன். அண்ணன் இறங்காமலே போய்விட்டார்.

கதவைத் திறந்த மகள் என் வாயைப் பார்த்தாள். "நாக்கக் காட்டுங்க" என்றாள், நோயாளியிடம் சொல்வதுபோல. காட்டினேன். வேறென்ன செய்ய?

"குடிச்சிட்டீங்க."

நடந்ததை எல்லாம் சொன்னேன். கத்தரிக்காய், தூள், நுரை, சேலை, கொழுக்கட்டை. சொல்லச் சொல்ல எனக்கே நம்பும்படியாக இல்லை. கடைசியில் அவள், "உங்களுக்கு அவரப் பிடிச்சிப்போச்சு. அதான் வேணுமெண்டு குடிச்சிருக்கீங்க" என்றாள்.

"இல்ல மனே" என்றேன். சொல்லிவிட்டு, அது உண்மையா என்று யோசித்தேன். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பதற்கில்லை. இந்தக் கல்யாணம் முடிந்தால் நல்லது என்று மனதின் ஒரு மூலையில் இருந்ததா? அந்த மூலைதான் போத்தலைத் தூக்கியதா? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. பின்னேரமெல்லாம் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து ஒரு கழுத்துப் பட்டியை இரண்டு தரம் தலைகீழாகத் தைத்தேன். போனில் அந்த அம்மாவின் குரல் வந்து விழுந்தது: சித்தாண்டியில் இருக்கும் தமக்கைக்குச் சொல்லியாயிற்றாம், கோயிலில் அர்ச்சனைக்கும் கொடுத்தாயிற்றாம், நாள் பார்க்கலாமாம். மகள் தன் அறையிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், குனிந்தபடியே கேட்டாள்.

"அம்மா, குடிக்கக்குள்ள என்னை நினைச்சீங்களா?"

"என்ன?"

"அதக் குடிக்கக்குள்ள, நான் சொன்னது, நான் எண்டு ஒருத்தி இருக்கிறது, ஞாபகம் வந்ததா?"

இதற்கு மட்டும் எனக்குக் குழப்பம் இல்லை. பதில் நேராக இருந்தது, கேவலமாகவும் இருந்தது.

"இல்ல," என்றேன். "வரல்ல. நான் உன்ன மறந்துபோனன்."

பத்தொன்பது வருடமாக உனக்காக உனக்காக என்று அவளிடம் சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் நான் முடிவு செய்திருக்கிறேன். அவளுக்கு நான் தேவைப்பட்ட ஒரேயொரு நாளில் ஒரு போத்தல் சோடாவுக்கு அவளை மறந்திருந்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை.

நான் போனை எடுத்தேன்.

"அக்கா, நேத்து நான் குடிச்சது சரியெண்டு சொல்லி இல்ல," என்றேன் அந்த அம்மாவிடம். "என்ட மகள் இன்னும் ஒண்டும் சொல்லல்ல. அவ தம்பியோட கதைச்சிப்போட்டுச் சொல்றனெண்டவ. நான் கதைக்க விடாமக் குடிச்சிட்டன்."

"அப்ப உங்கட அண்ணன்?" என்று கேட்டார்.

"என்னப் பாத்துத்தான் அவர் குடிச்சவர். அதுவும் என்ட பிழதான்."

"நாங்க எல்லாருக்கும் சொல்லிட்டமே தங்கச்சி."

"மன்னிச்சிக்கொள்ளுங்க அக்கா. நானும் எல்லாருக்கும் சொல்றன், பிழ என்னிலதானெண்டு."

"அவவுக்கு விருப்பமில்லையா?"

வழக்கம்போல மகளுக்காகப் பதில் சொல்ல என் வாய் திறந்தது. விருப்பம்தான் அக்கா, கொஞ்சம் யோசிக்கிறாள், அவ்வளவுதான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூடிக்கொண்டேன். "தெரியாது அக்கா. அது என்னட்டக் கேக்கிற விசயமில்ல," என்றேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, மகனிடம் போனைக் கொடுத்தார்.

"மாமி, அவ பக்கத்தில இருக்காவா?" என்று மட்டும் அவர் கேட்டார்.

நான் போனை நீட்டினேன். மகள் வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் வெளியே நின்றேன். சுவரில் காதை வைத்தால் கேட்கும், எங்கள் வீட்டுச் சுவர் அப்படிப்பட்டது. வைக்கவில்லை. முற்றத்துக்கு இறங்கி, கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து, மடித்தவற்றையே திரும்பவும் மடித்தேன். இருபது நிமிடம் இருக்கும், வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"சனிக்கிழம நாங்க டவுனில சந்திக்கிறம்," என்றாள். "நீங்க வரவேணாம். மாமாவும் வேணாம்."

"சரி."

"கதைச்சிப்போட்டு மறுகாத்தான் சொல்லுவன்."

"சரி மனே." பையை எடுத்துக்கொண்டு படலைவரை போய்விட்டாள். பொறுக்க முடியாமல் நான் பின்னாலேயே போனேன். "சனிக்கிழம அவர் ஏதும் வாங்கித் தந்தாரெண்டா..."

அவள் திரும்பினாள்.

"தாகமெடுத்தாக் குடிப்பன் அம்மா," என்றாள். "எடுக்காட்டிக் குடிக்கமாட்டன்."

அவள் போன பிறகும் நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. தாகத்துக்கு மட்டும் குடிக்கத் தெரிந்தவள்மேல் வந்தது பொறாமைதான்.